மார்பகப் புற்றுக்கு வைரஸ் காரணமா?

1930களின் நடுப்பகுதி. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், மெய்ன் மாநிலக் கடற்கரையில் பார் ஹார்பர் என்றொரு சிற்றூர். அங்குள்ள ஜாக்சன் ஆய்வகத்தில் ஒரு சுண்டெலி குட்டி போடுகிறது. ரோமம் முளைக்காத, கண் திறக்காத, இளஞ்சிவப்புக் குட்டிகள். அவை தாயின் மடியைத் தேடி வாய் வைப்பதற்குள் ஓர் ஆய்வாளர் அவற்றை எடுத்துவிடுகிறார். பக்கத்துக் கூண்டில் சமீபத்தில் ஈன்றிருக்கும் வேறொரு வம்சத்து எலியிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறார். அது அவற்றைத் தன் குட்டிகளாக ஏற்றுப் பால் கொடுக்கிறது. இந்தச் சின்ன இடமாற்றம், மருத்துவ உலகம் இன்றுவரை விடை தேடிக்கொண்டிருக்கும் ஒரு கேள்வியைத் தொடங்கிவைத்தது. மார்பகப் புற்றுநோய் ஒரு வைரஸால் வரக்கூடுமா?

அந்த ஆய்வகத்தை 1929இல் நிறுவியவர் கிளாரன்ஸ் குக் லிட்டில் என்ற மரபியலாளர். உடன்பிறந்த எலிகளையே தலைமுறை தலைமுறையாக இணைசேர்த்து, ஒரே மாதிரியான மரபணுக்கள் கொண்ட எலி வம்சங்களை உருவாக்குவதில் அவர் முன்னோடி. அப்படி உருவான சில வம்சங்களில் பெண் எலிகளில் பெரும்பாலானவை மார்பகப் புற்றால் செத்தன. வேறு சில வம்சங்களில் அந்த நோய் அபூர்வம். இது முழுக்க மரபணுவின் வேலை என்றால் ஒரு கணக்கு சரியாக வரவேண்டும். நோய் மிகுந்த வம்சத்துப் பெண்ணை நோய் குறைந்த வம்சத்து ஆணோடு சேர்த்தாலும், ஆண் பெண்ணை மாற்றிப்போட்டுச் சேர்த்தாலும், பிறக்கும் மகள்களுக்குக் கிடைக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ ஒன்றுதான். ஆகவே நோயும் ஒரே அளவில் வரவேண்டும். ஆனால் தாய் எந்த வம்சமோ, மகள்களின் கதியும் அந்த வழியே போயிற்று. 1933இல் ஆய்வகத்தார் இதை வெளியிட்டார்கள். குரோமோசோம்களுக்கு வெளியே ஏதோ ஒன்று தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது என்பதே அவர்கள் சொன்ன முடிவு. நெதர்லாந்தில் கோர்ட்டெவெக் என்ற ஆய்வாளரும் தனியாக இதே முடிவுக்கு வந்திருந்தார்.

எந்த வழியில் போகிறது? சினைமுட்டை வழியாகவா, கருப்பையிலா, பாலிலா? இதைத் தெரிந்துகொள்ளத்தான் ஜான் பிட்னர் என்ற இளம் ஆய்வாளர் குட்டிகளை இடம் மாற்றினார். நோய் மிகுந்த வம்சத்துக் குட்டிகள் நோய் குறைந்த வளர்ப்புத் தாயிடம் பால் குடித்து வளர்ந்தபோது, அவற்றுக்குப் புற்று வருவது வெகுவாகக் குறைந்தது. 1936இல் அவர் வெளியிட்ட சிறு கட்டுரை விஷயத்தைத் தெளிவாக்கிற்று. நோயைக் கடத்தியது பால்.

## வைரஸ் என்று சொல்லத் தயங்கிய காலம்

பிட்னர் அதை வைரஸ் என்று அழைக்கவில்லை. ‘பால் காரணி’ என்றே பல ஆண்டுகள் எழுதிவந்தார். வைரஸ் என்று எழுதியிருந்தால் ஆய்வுக்கு நிதி கேட்டு அனுப்பிய விண்ணப்பங்களை யாரும் மதித்திருக்க மாட்டார்கள் என்று பின்னாளில் அவர் சொன்னதாகக் கூறப்படுகிறது. அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. நியூயார்க்கில் ராக்ஃபெல்லர் நிறுவனத்தில் பணியாற்றிய பெய்டன் ரௌஸ், ஒரு கோழியின் கட்டியை அரைத்து, செல்களோ பாக்டீரியாவோ நுழைய முடியாத வடிகட்டியில் வடித்து, அந்தச் சாற்றை வேறு கோழிகளுக்குச் செலுத்தினார். அவற்றுக்கும் கட்டி வந்தது. அது 1911. கோழிக்கு வருவது கோழியோடு போகட்டும் என்று மருத்துவ உலகம் அதை ஒதுக்கிவைத்தது. ரௌஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது 1966இல், அதாவது 55 ஆண்டுகள் கழித்து.

எலக்ட்ரான் நுண்ணோக்கி வந்த பிறகு பால் காரணியின் முகம் தெரிந்தது. முட்கள் சூழ்ந்த உருண்டைத் துகள்கள். உள்ளே இருக்கும் அடர்ந்த கரு நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். இதை ‘பி வகைத் துகள்’ என்றார்கள். பிறகு இதற்கு ‘எலி மார்பகக் கட்டி வைரஸ்’ என்ற பெயர் நிலைத்தது. இதன் மரபுச் செய்தி ஆர்.என்.ஏ.யில் எழுதப்பட்டிருக்கிறது. செல்லுக்குள் நுழைந்ததும் வைரஸ் அதை டி.என்.ஏ.வாக மாற்றி, அந்த செல்லின் சொந்த டி.என்.ஏ.வுக்குள்ளேயே செருகிவிடுகிறது. ஆர்.என்.ஏ.விலிருந்து டி.என்.ஏ. உண்டாக்கும் நொதியை 1970இல் ஹோவர்ட் டெமினும் டேவிட் பால்டிமோரும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். இப்படிப்பட்ட வைரஸ்களுக்கு ரெட்ரோவைரஸ் என்று பெயர். எச்.ஐ.வி.யும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததே.

## குடலிலிருந்து மார்பகம் வரை

பாலோடு குட்டியின் வயிற்றுக்குள் போகும் வைரஸ் மார்பகத்தை எப்படி அடைகிறது? நான் படித்த உயிரியலில் இதைவிட வியப்பான பயணம் வேறில்லை என்பேன்.

குடலின் சுவரில் ஆங்காங்கே நோய் எதிர்ப்பு செல்கள் திரண்டிருக்கும் திட்டுகள் உண்டு. உணவோடு வரும் கிருமிகளைச் சோதிக்கும் இடம் அது. வைரஸ் நேராக அங்கே போய் பி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு செல்களுக்குள் நுழைகிறது. பிடிபட வேண்டிய இடத்திலேயே குடியேறுகிறது. ஆனால் ரெட்ரோவைரஸ்கள் பொதுவாகப் பெருகுவதற்குப் பிரிந்துகொண்டிருக்கும் செல்கள் வேண்டும். சும்மா இருக்கும் பி செல் அதற்கு உதவாது. அதனால் வைரஸ் ஒரு புரதத்தைச் செய்து பி செல்லின் மேற்பரப்பில் நிறுத்துகிறது. சூப்பர் ஆன்டிஜன் என்று அதற்குப் பெயர். சாதாரணமாக ஒரு கிருமிக்கு எதிராக எழுவது டி செல்கள் என்ற இன்னொரு வகை நோய் எதிர்ப்பு செல்களில் மிகச் சிறு பகுதிதான். இந்தப் புரதமோ டி செல்களில் பெரிய கூட்டம் ஒன்றையே ஒரே நேரத்தில் தட்டி எழுப்புகிறது. எழுந்த டி செல்கள், எதிரி வந்துவிட்டான் என்று எண்ணி, பி செல்களைப் பெருகச் சொல்லி ரசாயனச் செய்தி அனுப்புகின்றன. பி செல்கள் பெருகுகின்றன. அவற்றோடு வைரஸும் பெருகுகிறது. உடலைக் காக்க வந்த படையே வைரஸை வளர்த்துவிடுகிறது. 1991இல் பல ஆய்வுக் குழுக்கள் இதைக் கண்டறிந்தன. சூப்பர் ஆன்டிஜனுக்குச் செவிசாய்க்கும் டி செல்கள் இல்லாத எலிகளில் இந்த வைரஸ் நன்றாகப் பரவ முடிவதில்லை.

இப்படிப் பெருகிய நோய் எதிர்ப்பு செல்கள் உடலெங்கும் சுற்றி, குட்டி பருவம் அடையும்போது மார்பகத்துக்கு வந்து சேர்கின்றன. அப்போதுதான் மார்பகத்தின் செல்களும் வேகமாகப் பிரிந்துகொண்டிருக்கும். வைரஸ் அவற்றுக்குள் புகுகிறது. அதன் மரபுச் செய்தியின் முனையில் ஹார்மோன்களுக்குப் பணிந்து இயங்கும் ஒரு பகுதி இருக்கிறது. எலி கருவுற்றுப் பால் சுரக்கத் தொடங்கும்போது ஏறும் ஹார்மோன்கள் அந்தப் பகுதியை முடுக்கிவிட, வைரஸ் ஏராளமாகப் பெருகிப் பாலில் கலக்கிறது. அடுத்த தலைமுறை அதைக் குடிக்கிறது. தாய் எலியின் கர்ப்பத்தையும் பாலூட்டலையும் தன் கால அட்டவணையாகவே இந்த வைரஸ் வைத்துக்கொண்டிருக்கிறது.

புற்று எங்கே வருகிறது? செல்லின் டி.என்.ஏ.வில் வைரஸ் எங்கே வேண்டுமானாலும் செருகிக்கொள்ளலாம். பெரும்பாலான இடங்களில் தீங்கில்லை. லட்சக்கணக்கான செல்களில் ஒன்றில், செல் வளர்ச்சியை நடத்தும் மரபணு ஒன்றின் அருகே அது உட்கார்ந்துவிட்டால், தூங்கிக்கொண்டிருக்க வேண்டிய அந்த மரபணு விழித்துக்கொள்கிறது. அந்த ஒரு செல் பெருகிக் கட்டியாகிறது. 1982இல் சான் பிரான்சிஸ்கோவில் ரோல் நுஸ்ஸே, ஹெரால்ட் வார்மஸ் இருவரும் பல எலிக் கட்டிகளை ஆராய்ந்து, வைரஸ் மீண்டும் மீண்டும் ஒரே மரபணுவுக்கு அருகே செருகியிருப்பதைக் கண்டார்கள். சில ஆண்டுகளில் இன்னொரு அதிசயம் தெரிந்தது. பழ ஈயில் இறக்கை வளராமல் போகும் ஒரு மரபணு மாற்றத்தை இந்திய ஆய்வாளர்கள் சர்மாவும் சோப்ராவும் 1976இல் விவரித்திருந்தார்கள். ஈயின் அந்த மரபணுவும் எலிக் கட்டியில் விழித்துக்கொண்ட மரபணுவும் ஒரே குடும்பம்! இன்று ‘டபிள்யு.என்.டி.’ என்று அழைக்கப்படும் அந்தக் குடும்பம் கருவின் வளர்ச்சியிலிருந்து பெருங்குடல் புற்று வரை எங்கும் வருகிறது. எலியின் பாலில் ஒளிந்திருந்த வைரஸைத் துரத்திக்கொண்டு போனவர்கள், எல்லா விலங்குகளின் உடலையும் வடிவமைக்கும் ஓர் அடிப்படை ஏற்பாட்டைக் கண்டுவந்தார்கள்.

## மனிதப் பாலில் தேடல்

எலிக்கு இருந்தால் மனிதருக்கும் இருக்குமா? 1970களில் அமெரிக்க அரசு புற்றுநோய் வைரஸ்களைத் தேடப் பெரும் பணம் செலவிட்ட காலத்தில், இந்தக் கேள்வி இந்தியாவுக்கும் வந்தது. மும்பையில் வாழும் பார்சிப் பெண்களுக்கு மார்பகப் புற்று அதிகம் வருகிறது என்பது மருத்துவர்களுக்குத் தெரிந்திருந்தது. சிறிய சமூகம், பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே மணம் செய்பவர்கள். நியூஜெர்சியின் கேம்டன் நகரில் ஆய்வு செய்த டான் மூரும் மும்பை ஆய்வாளர்களும் சேர்ந்து, பார்சித் தாய்மாரின் பாலையும், குடும்பத்தில் இந்நோய் வந்த அமெரிக்கப் பெண்களின் பாலையும் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். எலியின் பி வகைத் துகள்களை ஒத்தவை சிலரின் பாலில் தெரிந்ததாக 1971இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள்.

உலகமே கவனித்தது. தாய்ப்பாலைக் குழந்தைக்குக் கொடுக்கலாமா என்ற கேள்விகூட எழுந்தது. ஆனால் பால் என்பது கொழுப்பும் புரதமும் உடைந்த செல்களின் துணுக்குகளும் மிதக்கும் குழம்பு. அதில் வைரஸ் போலத் தெரியும் உருண்டைகள் வேறு காரணங்களாலும் இருக்கலாம். மேலும் ஆராய்ந்தபோது, நோயுள்ள குடும்பத்துப் பாலுக்கும் மற்றவர் பாலுக்கும் உறுதியான வேறுபாடு நிற்கவில்லை.

1972இல் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சோல் ஸ்பீகல்மன் குழு, மனித மார்பகக் கட்டிகளில் எலி வைரஸோடு ஒட்டும் ஆர்.என்.ஏ. இருப்பதாக அறிவித்தது. அந்தக் குழுவில் இருந்த ரிச்சர்ட் ஆக்ஸல் பின்னர் மோப்ப உணர்வு பற்றிய ஆய்வுக்காக 2004இல் நோபல் பெற்றவர். திறமையில் குறைந்தவர்கள் யாரும் அங்கே இல்லை. அவர்கள் கண்ட ஒட்டுதலும் பொய்யல்ல என்றே சொல்ல வேண்டும். அதன் பொருள்தான் வேறாக இருந்திருக்கலாம். 1982இல், எலி வைரஸின் மரபுச் செய்தியைக் கொண்டு மனித டி.என்.ஏ.வைத் துழாவியபோது, நோயில்லாத எல்லா மனிதரிடமும் அதை ஒத்த பகுதிகள் இருப்பது தெரிந்தது.

எப்படி? கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் தொடங்கி நம் மூதாதைகளைத் தாக்கிய ரெட்ரோவைரஸ்கள், விந்தணு, சினைமுட்டை செல்களுக்குள்ளேயே செருகிக்கொண்டன. அங்கிருந்து பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் மரபாகவே வந்துவிட்டன. மனித மரபுத் தொகுதியில் ஏறத்தாழ 8% இப்படிப் பழைய ரெட்ரோவைரஸ்களின் எச்சம். அவற்றில் ஒரு பிரிவு எலி மார்பக வைரஸுக்கு உறவு. பெரும்பாலானவை உடைந்து பயனற்றுப் போனவை. ஆனால் எல்லாமே செத்துப்போகவில்லை. ஆய்வகங்களில் வளர்க்கும் ஒரு மனித மார்பகப் புற்று செல் வகைக்குப் பெண் ஹார்மோன்களைக் கொடுத்தால், அது வைரஸ் போன்ற துகள்களை வெளிவிடும். ஆக, மனிதக் கட்டியில் எலி வைரஸைத் தேடிப் போகிறவர், தன்னை அறியாமலேயே மனிதரின் சொந்த எச்சத்தைக் கண்டுவிட்டு எதிரி அகப்பட்டான் என்று எண்ண வாய்ப்பு இருந்தது.

## பி.சி.ஆர். காலத்தின் பொறி

1995இல் கேள்வி மறுபடி உயிர்பெற்றது. நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவக் கல்லூரியில் பியாட்ரிஸ் போகோ, ஜேம்ஸ் ஹாலண்ட் ஆகியோரின் குழு, மனிதரின் சொந்த எச்சங்களோடு குழம்பாத ஒரு பகுதியைத் தேர்ந்தெடுத்துத் தேடியது. மார்பகக் கட்டிகளில் 38 சதவீதத்தில் எலி வைரஸை ஒத்த தொடர் கிடைத்தது. நோயில்லாத மார்பகத் திசுவில் மிகச் சிலவற்றிலேயே கிடைத்தது. பிறகு ஆஸ்திரேலியாவிலும் இத்தாலியிலும் சில குழுக்கள் இதேபோலக் கண்டன. வியன்னாவில் எலி வைரஸ் மனித மார்பக செல்களுக்குள் புகுந்து பரவுவதைச் சோதனைக் குடுவையில் காட்டினார்கள். 2000இல் வெளிவந்த ஓர் ஆய்வு, குறிப்பிட்ட ஒரு வகை வீட்டுச் சுண்டெலி வாழும் நாடுகளில் மார்பகப் புற்று அதிகம் என்றது.

இந்தக் கடைசிச் சேதியைப் படிக்கும்போது நம் ஊர்ப் பழமொழி நினைவுக்கு வர வேண்டும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாக, இரண்டு விஷயங்கள் ஒரே நாட்டில் இருப்பதால் ஒன்று மற்றதை உண்டாக்கிற்று என்று ஆகாது. அந்த எலி வாழும் மேற்கத்திய நாடுகளில்தான் பெண்கள் தாமதமாகவும் குறைவாகவும் பிள்ளை பெறுகிறார்கள். பாலூட்டுவது குறைவு, மது அதிகம், ஆயுளும் அதிகம். இவை ஒவ்வொன்றும் மார்பகப் புற்றின் வாய்ப்பைக் கூட்டுபவை.

மற்ற பல ஆய்வகங்கள் தேடியபோது எலி வைரஸ் கிடைக்கவே இல்லை. ஏன் இந்த முரண்? இந்தத் தேடல்களில் பயன்பட்ட பி.சி.ஆர். முறை ஒரு துளி டி.என்.ஏ.வைக் கோடிக்கணக்கான பிரதிகளாக்கும். அதன் வலிமையே அதன் அபாயம். எலிகளை வளர்க்கும் கட்டடத்தில், எலிச் செல்களைக் கையாளும் மேசையில், எலியிலிருந்து தயாரித்த ரசாயனத்தில்கூட எலி டி.என்.ஏ. ஒட்டியிருக்கலாம். அதனால் கவனமான குழுக்கள், எலியின் மரபுத் தொகுதியில் ஆயிரம் முறை வரை திரும்பத் திரும்ப வரும் ஒரு தொடரையும் சேர்த்துத் தேடுகின்றன. அது மனித மாதிரியில் தெரிந்தால், வந்தது வைரஸ் அல்ல, எலியின் தூசு என்று அறியலாம்.

இதன் கசப்பான பாடம் வேறொரு நோயில் கிடைத்தது. 2006இல் எக்ஸ்.எம்.ஆர்.வி. என்ற புதிய ரெட்ரோவைரஸ் புராஸ்டேட் புற்றில் இருப்பதாக அறிவிக்கப்பட்டது. 2009இல் அது தீராத களைப்பு நோயுள்ளவர்களின் ரத்தத்திலும் இருப்பதாக ‘சயன்ஸ்’ இதழில் வந்தது. ஆண்டுக்கணக்கில் படுக்கையில் கிடந்தவர்கள், கடைசியில் காரணம் தெரிந்துவிட்டது என்று நம்பினார்கள். 2011இல் உண்மை வெளிவந்தது. ஒரு மனிதப் புற்றுக் கட்டியை ஆய்வுக்காக எலிகளின் உடலில் வளர்த்தபோது, எலியின் இரு பழைய வைரஸ் துண்டுகள் கலந்து பிறந்ததுதான் எக்ஸ்.எம்.ஆர்.வி. அது மனிதரிடையே பரவவே இல்லை. ஆய்வகத்திலிருந்து மாதிரிகளுக்குள் புகுந்திருந்தது. ‘சயன்ஸ்’ அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. நம்பிக்கை கொண்ட நோயாளிகளுக்கு நேர்ந்த வலியை எந்தத் திருத்தமும் முழுமையாக ஆற்றாது.

சந்தேகப் பட்டியலில் வேறு வைரஸ்களும் உண்டு. கருப்பைவாய்ப் புற்றுக்குக் காரணமான எச்.பி.வி., சில வகை நிணநீர்ப் புற்றோடு தொடர்புள்ள எப்ஸ்டீன்-பார் வைரஸ், மாடுகளுக்கு ரத்தப் புற்று தரும் போவைன் லுகீமியா வைரஸ். பெர்க்லியில் கெர்ட்ரூட் பியூரிங் குழு 2015இல், மார்பகப் புற்றுள்ள பெண்களில் 59 சதவீதத்தினரின் திசுவிலும் நோயில்லாதவர்களில் 29 சதவீதத்தினரின் திசுவிலும் இந்த மாட்டு வைரஸின் டி.என்.ஏ.வைக் கண்டதாக எழுதியது. அடுத்த ஆண்டே மார்பகக் கட்டிகளின் முழு மரபுத் தொகுதிகளை அலசிய வேறொரு குழுவுக்கு அது அகப்படவில்லை. எப்ஸ்டீன்-பார் வைரஸோ உலகில் வயது வந்தோரில் பெரும்பாலோரின் உடலில் இருக்கிறது. கட்டிக்குள் வந்து சேரும் நோய் எதிர்ப்பு செல்களிலேயே அது இருக்கக்கூடும். கட்டியில் வைரஸ் இருப்பதும் கட்டியை வைரஸ் உண்டாக்குவதும் வேறு வேறு.

## எதை நிரூபணம் என்பது?

இந்த வேறுபாட்டை நிறுவுவது எப்படி என்பதற்குத் தைவான் நல்ல சாட்சி. அங்கே பால்மர் பீஸ்லி குழு 22,707 ஆண்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தது. ஹெபடைடிஸ் பி வைரஸைச் சுமந்தவர்களுக்குக் கல்லீரல் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 200 மடங்குக்கும் மேல் என்று 1981இல் தெரிந்தது. முதலில் வைரஸ், பிறகு புற்று என்ற வரிசை இதில் உறுதியாயிற்று. 1984இல் அந்நாடு குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கியது. அந்தத் தலைமுறையில் கல்லீரல் புற்று குறைந்தது. காரணத்தை நீக்கினால் நோய் குறைகிறது. இதைவிட உறுதியான ஆதாரம் கிடையாது. எச்.பி.வி. விஷயத்திலும் இதுவே நடந்தது. 17 வயதுக்கு முன் தடுப்பூசி போட்டுக்கொண்ட பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்று 88% குறைந்ததை ஸ்வீடனின் தரவுகள் 2020இல் காட்டின.

மார்பகப் புற்றை இந்த அளவுகோலில் வைத்துப் பார்ப்போம். முதலாவது, வைரஸ் புகுந்த ஒரே செல்லிலிருந்து கட்டி வளர்ந்திருந்தால், கட்டியின் எல்லா செல்களிலும் வைரஸ் டி.என்.ஏ.வில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். எலியில் அப்படித்தான் இருக்கிறது. மனிதக் கட்டிகளின் மரபுத் தொகுதியை முழுமையாகப் படிக்கும் வசதி வந்துவிட்ட இந்நாளில், 2020இல் 2,600க்கு மேற்பட்ட கட்டிகளைப் பல நாட்டு விஞ்ஞானிகள் வைரஸுக்காக அலசினார்கள். கல்லீரலிலும் கருப்பைவாயிலும் எதிர்பார்த்த வைரஸ்கள் பளிச்சென்று தெரிந்தன. மார்பகத்தில் அப்படி எதுவும் நிற்கவில்லை.

இரண்டாவது, நோய் எதிர்ப்பு குன்றினால் வைரஸ் புற்றுகள் பெருகும். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் உறுப்பு மாற்றுச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் வைரஸால் வரும் புற்றுகள் பல மடங்கு கூடுகின்றன. மார்பகப் புற்று அப்படிக் கூடுவதில்லை. மூன்றாவது, தாய்ப்பாலில் ஒரு வைரஸ் கடந்துவந்தால் தாய்வழி உறவில் நோய் இருப்பது தந்தைவழியில் இருப்பதைவிட அதிக ஆபத்தாக இருக்க வேண்டும். தாய்ப்பால் குடித்த மகள்களுக்கு, குடிக்காதவர்களைவிட நோய் கூடுதலாக வர வேண்டும். இரண்டுமே காணப்படவில்லை.

வைரஸ் ஒருமுறை வந்து சேதம் செய்துவிட்டுச் சுவடில்லாமல் போயிருக்கலாமே என்று வாதிடுபவர்கள் உண்டு. அப்படியும் நடக்கலாம். ஆனால் சுவடே இல்லாத ஒன்றைச் சோதிக்க, தடுப்பூசி போட்டு நோய் குறைகிறதா என்று பார்ப்பதைத் தவிர வழி குறைவு. அதற்கு முதலில் எந்த வைரஸ் என்று தெரிய வேண்டும். இன்றுள்ள ஆதாரத்தின் எடையைப் பார்த்தால், பெரும்பாலான மார்பகப் புற்றுகளுக்கு ஒரு வைரஸ் காரணம் என்று சொல்ல இடமில்லை. ஒரு சிறு பங்குக்கு வைரஸ் துணைபோகிறது என்ற கருத்தை மூடிவைக்கவும் இடமில்லை. உழைத்துத் தேடும் சிலர் இன்னும் தேடுகிறார்கள். அது நல்லதே.

## வைரஸ்களுக்கு எதிரான ஆயுதம்

இந்தக் கதையில் எனக்கு மிகவும் வியப்பளிப்பது கடைசியாக வந்த திருப்பம். நம் செல்களில் அப்போபெக் என்ற நொதிக் குடும்பம் இருக்கிறது. உள்ளே வரும் ரெட்ரோவைரஸின் டி.என்.ஏ.வில் சைட்டோசின் என்ற கூறுகளை மாற்றிப் பாழாக்கிவிடுவது அவற்றின் தொழில். நம் பரம்பரையில் இந்தக் குடும்பம் பெருகியதே பழைய வைரஸ்களோடு நடந்த நெடிய போரால் என்று கருதப்படுகிறது. 2012இல் மார்பகக் கட்டிகளின் மரபுத் தொகுதியைப் படித்தவர்கள், சைட்டோசின் மாற்றங்கள் சில இடங்களில் கொத்துக் கொத்தாகக் குவிந்திருப்பதைக் கண்டார்கள். மழைத் தூறல்போல் எங்கும் சிதறாமல் ஓரிடத்தில் கொட்டியதுபோல். 2013இல் இந்தக் கைவரிசை அப்போபெக்கினுடையது என்பதற்கு வலுவான சான்று வந்தது. பல மார்பகக் கட்டிகளில் இந்த நொதி வரம்புமீறி உண்டாகிறது. வைரஸ்களை அழிக்க வைத்திருக்கும் ஆயுதம் உடலின் சொந்த டி.என்.ஏ.வைத் தாக்குகிறது.

எச்.பி.வி.யால் வரும் புற்றுகளிலும் இதே கைவரிசை தெரிகிறது. அங்கே வைரஸ் வந்து ஆயுதத்தை எடுக்கவைக்கிறது. மார்பகத்தில் அதை எடுக்கவைப்பது எது என்பது இன்றைய ஆய்வின் உயிருள்ள கேள்விகளில் ஒன்று. வைரஸ் இல்லாமலேயே அந்த நொதி கட்டவிழ வேறு காரணங்கள் உண்டு. ஆகவே இதை வைரஸின் மறைமுகச் சாட்சியாக எடுத்துக்கொள்வதும் அவசரமே.

அவசரம் என்ற சொல்லை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2022இல் மட்டும் உலகில் சுமார் 6,70,000 பேர் மார்பகப் புற்றால் இறந்தார்கள். காரணம் தெரிய வேண்டும் என்ற தவிப்பு நியாயமானது. ஆனால் தாய்ப்பாலில் துகள்களைக் கண்ட 1971இன் ஆய்வை மட்டும் நம்பி, பாலூட்ட வேண்டாம் என்று உலகெங்கும் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 30 நாடுகளில் 50,000க்கு மேற்பட்ட நோயாளிகளின் தரவைத் திரட்டி 2002இல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. ஒரு பெண் பாலூட்டும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் அவளுக்கு மார்பகப் புற்று வரும் வாய்ப்பு 4.3% குறைகிறது என்றது அது. எலியில் நோயைக் கடத்திய அதே பாலூட்டல், மனிதத் தாயைக் காக்கிறது. விஞ்ஞானிகள் பொறுத்திருந்து சரிபார்த்ததால் அந்தப் பாதுகாப்பு கோடிக்கணக்கான தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் பறிபோகவில்லை.

எனவே இதைப் படிக்கும் இளம் தாய்மார் பாலூட்டத் தயங்க வேண்டாம். மார்பகப் புற்று தொட்டாலோ, சேர்ந்து உண்டாலோ ஒட்டுவதில்லை. நோயுற்ற பெண்ணைத் தள்ளிவைக்கும் வழக்கம் எந்த வீட்டில் இருந்தாலும் அது இன்றே ஒழிய வேண்டும். மார்பில் புதிதாக ஒரு கட்டியோ, தோலில் சுருக்கமோ, காம்பில் ரத்தக் கசிவோ தெரிந்தால் காரணத்தைப் பற்றி யோசித்துக்கொண்டு நாளைக் கடத்தாமல் மருத்துவரிடம் போங்கள். தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் குணமாகும் வாய்ப்பு மிக அதிகம். எது காரணம் என்ற கேள்வியை ஆய்வகங்கள் தொடரட்டும். ஆதாரம் முழுமையாகும் வரை அவர்கள் பொறுமை காக்கட்டும். நோயின் அறிகுறி தெரிந்த பெண்ணுக்கு மட்டும் பொறுத்திருக்க நேரம் இல்லை.